கஞ்சித்தொட்டி முதல் கோயம்பேடு வரை: வடசென்னை ராத்திரிச் சாப்பாட்டில் காய் சேர்ந்த கதை

ராயபுரம் பக்கம் ஆட்டோவில் ஏறி "ஸ்டான்லி ஆஸ்பத்திரி" என்றாலும் போவார்கள், "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றாலும் போவார்கள். பெரியவர்கள் வாயில் வருவது இரண்டாவது பெயர்தான். ஆஸ்பத்திரிக்கும் கஞ்சிக்கும் என்ன சம்பந்தம்?

1782-ஆம் வருடம். ஹைதர் அலியுடன் நடந்த சண்டையில் சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்கள் பாழாகி, பஞ்சம் வந்து, ஜனங்கள் பிழைப்பைத் தேடி நகரத்துக்கு ஓடிவந்த நேரம். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ராயபுரத்தில் ஒரு சத்திரம் உருவானது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். வெள்ளைக்காரர் வாயில் அது 'மோனிகர் சௌல்ட்ரி' ஆகிவிட்டது! 1799-ல் அதோடு ஒரு ஆஸ்பத்திரியும் சேர்ந்தது. அதன் வழியில் வந்ததுதான் இன்றைய ஸ்டான்லி.

பசித்தவனுக்குக் கஞ்சி கொடுத்தது புண்ணியம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு பழக்கமும் ஆரம்பித்தது. பசி என்று யாராவது சொன்னால் ஆட்சியில் இருப்பவர்களுக்கு நினைவு வருவது தானியம். அரிசிக்குக் கணக்கு உண்டு, படி உண்டு, கார்டு உண்டு, தேர்தல் வாக்குறுதி உண்டு. காய்க்கு? அது வீட்டுப் பெண்களின் தலையில் விடப்பட்ட விஷயம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து வீடுகளில் ராத்திரி சாப்பாட்டில் எப்படி நாலு காய் சேர்ந்தது என்று தேடினால், இந்த இரண்டு கணக்கும் எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கின்றன என்பது தெரிகிறது.

பானைக்குள் இருக்கும் வெளிநாடு

முதலில் பானைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு சாதாரண சாம்பார். அதில் மிளகாய்த்தூள், தக்காளி, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. பக்கத்தில் முட்டைகோஸ் பொரியல். "நம்ம பாரம்பரிய சாப்பாடு" என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் இதில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தவை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். போர்த்துக்கீசியர் இந்தியாவுக்கு வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டிலிருந்து ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. அதற்கு முன் காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளியும் மாங்காயும்தான்.

பெயர்களே காட்டிக்கொடுக்கும். மிளகு போல உறைத்த காய், மிளகாய். பறங்கிக்காரனோடு வந்த காய், பறங்கிக்காய். சௌசௌவுக்கு இன்னொரு பெயர் பெங்களூர் கத்திரிக்காய். கேரட், பீன்ஸ், கோஸ் இவற்றுக்குப் பெயர் மாற்றக்கூட நமக்கு நேரமில்லை, அப்படியே 'இங்கிலீஷ் காய்' என்று சேர்த்துக்கொண்டோம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியில் குடியேறி ஐரோப்பியக் காய்களைப் பயிரிட வைத்தார். வெள்ளைக்காரத் துரைகளின் மேஜைக்காகப் போட்ட விதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் ரயில் போனது. மலையிலிருந்து சரக்கு இறக்குவது சுலபமானது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காய் துரை மேஜையை விட்டு இறங்கி, சந்தை வழியாக சாதாரண வீட்டுச் சட்டிக்கும் வந்தது.

அதனால் 'எந்தக் காய் கிடைத்தாலும் போட்டுக்கொள்ளலாம்' என்ற குணம் நம் குழம்புக்குப் புதிதாக வந்ததில்லை. நானூறு, ஐந்நூறு வருடமாக வந்தவரையெல்லாம் உள்ளே விட்ட பானை அது.

விறகும் ஒரே அடுப்பும்

அடுத்தது அடுப்பு. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். பிறகு அது வடக்கே பழவேற்காடு தாண்டி நீண்டது. இன்று பக்கிங்காம் கால்வாய் என்று நமக்குத் தெரிந்த, மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிற அந்தக் கால்வாய்தான்! ஒரு காலத்தில் உப்பும், அரிசியும், கடலோரத்துச் சவுக்கு விறகும் படகுகளில் அதன் வழியாகத்தான் நகரத்துக்கு வந்தன.

விறகுக்கும் காய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. விறகு காசு கொடுத்து வாங்குகிற பொருள். ஒரு அறை வீட்டில் ஒரு அடுப்பு. அதில் முதலில் சோறு வடிக்க வேண்டும், பிறகு ஒரு குழம்பு. கூட்டு, பொரியல், அவியல் என்று தனித்தனியாக நாலு சட்டி வைக்க விறகும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே காய் எல்லாம் குழம்புக்குள்ளேயே போனது. முருங்கைக்காய், கத்திரிக்காய், வாழைக்காய், மொச்சை எல்லாம் ஒரே சட்டியில்! 'பல காய் குழம்பு' என்று இன்று யூட்யூபில் பெயர் வைத்து செய்து காட்டுவதன் பின்னால் ருசி மட்டும் இல்லை, ஒரு எரிபொருள் பட்ஜெட்டும் இருக்கிறது.

1877: ஒரு பவுண்டா, ஒன்றரைப் பவுண்டா?

இப்போது இந்தக் கதையின் முக்கியமான இடம். 1876-ல் தொடங்கி 1878 வரை மெட்ராஸ் மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சம். லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். கொடுமை என்னவென்றால், கடல் வழியாக வந்த தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலைபோல் அடுக்கியிருந்த அதே நேரம் அது. வாங்கக் காசு இல்லாதவர்கள் நிவாரண வேலைக்குப் போனார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. கால்வாய்த் துண்டு அப்படிப் பஞ்ச வேலையாக வெட்டப்பட்டதுதான். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்தான் பிறகு முழுக் கால்வாய்க்கும் வந்தது.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை மெட்ராசுக்கு அனுப்பினார். செலவைக் குறைப்பது அவர் வேலை. மண் வெட்டுகிற ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும், அதற்கு மேல் ஒரு அணாவும் போதும் என்று முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். 'டெம்பிள் கூலி' என்று சரித்திரத்தில் கெட்ட பெயர் எடுத்தது இதுதான்.

இதை எதிர்த்து நின்றவர் மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். உடம்பால் உழைக்கிற ஆளுக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், அதோடு காய்கறியும் புரதமும் சேர வேண்டும் என்று வாதாடினார். கவனியுங்கள், ஏழையின் சாப்பாட்டில் காய் என்பது அலங்காரம் இல்லை, அது இல்லாவிட்டால் உடம்பு நிற்காது என்று ஒரு அரசு அதிகாரி அரசாங்கத்தோடு சண்டை போட்டது அப்போது! எதிர்ப்பு வலுத்த பிறகு கூலி உயர்ந்தது. ஆனால் அதற்குள் நிவாரண முகாம்களில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

ஒரு வகையில் பார்த்தால் டெம்பிளுக்கும் கார்னிஷுக்கும் நடந்த அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

குன்னூர் எலிகள் சொன்னது

கார்னிஷ் அனுபவத்தில் சொன்னதை, சோதனைச்சாலையில் காட்டியவர் ராபர்ட் மெக்கரிசன். 1918-ல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்த சின்ன அறை, பிறகு நாட்டின் உணவு ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்குப் போன அதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

மெக்கரிசன் செய்த சோதனை சுவாரஸ்யமானது. இந்தியாவின் ஏழு பிரிவு மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை ஏழு கூட்ட எலிகளுக்குக் கொடுத்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. கடைசி இடம்? மெட்ராஸ் சாப்பாடு! வெறும் 155 கிராம்.

இதைப் படித்துவிட்டு "அப்போ நம்ம சாப்பாடே மோசம்" என்று முடிவு கட்டக்கூடாது. தட்டில் முக்கால்வாசி தீட்டிய வெள்ளை அரிசியும், பேருக்குக் கொஞ்சம் மற்றதும் இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த எலிகள் காட்டின. அந்த அளவு ருசியால் வந்ததா, வருமானத்தால் வந்ததா? அதைத்தான் கேட்க வேண்டும். சோற்றை அதிகமாகவும் குழம்பைத் தண்ணியாகவும் வைப்பது, காசு குறைவாக இருக்கும் வீட்டில் எல்லோரையும் எழுப்பாமல் உட்காரவைத்துச் சாப்பிட வைக்கிற உபாயம்.

அரிசி அரசியல்

1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். இன்றும் பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி கொடுக்க அவர் காலத்தில்தான் தீர்மானம் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. பிறகு செலவைக் காட்டி அதை நிறுத்தினார்கள். காமராஜர் 1956-லும், எம்.ஜி.ஆர். 1982-லும் அதை வேறு வேறு அளவில் மீண்டும் கொண்டுவந்தது எல்லோருக்கும் தெரியும்.

நடுவில் 1942-ல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. சென்னைக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பிறகு ரேஷன் காலம், அறுபதுகளில் அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்பது ஆட்சியையே மாற்றிய வாக்குறுதிகளில் ஒன்று. 2008-ல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து அரிசி கார்டுக்கு மாதம் 20 கிலோ வரை இலவசம். பட்டினியை விரட்டியதில் இதற்கெல்லாம் பெரிய பங்கு உண்டு. ஆனால் இந்தப் பட்டியல் முழுக்கத் தேடினாலும் ஒரு கத்திரிக்காய்கூட இல்லை!

காரணம் எளிமையானது. அரிசியைக் கிடங்கில் மாதக்கணக்கில் வைக்கலாம். கீரையைச் சாயங்காலம் வரைகூட வைக்க முடியாது. எதைச் சேமிக்க முடியுமோ அதைத்தான் அரசாங்கம் கொடுக்க முடிந்தது.

சாவடி போனது, விலை வந்தது

சேமிக்க முடியாத பொருளுக்கு சந்தை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது ரொம்ப முக்கியம். வடசென்னைக்கு அந்த அதிர்ஷ்டம் ரொம்ப நாள் இருந்தது. ஜார்ஜ் டவுனில் இருந்த கொத்தவால் சாவடிதான் நகரத்தின் மொத்தக் காய்கறிச் சந்தை. ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். கூடைக்காரம்மா விடியலில் போய் சரக்கு எடுத்து, தலையில் சுமந்தே தெருவுக்கு வந்துவிடலாம்.

நெரிசல் தாங்காமல் 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. நகரம் முழுவதையும் வைத்துப் பார்த்தால் அது தேவையான மாற்றம். ஆனால் எண்ணூர்க்காரருக்குக் கோயம்பேடு சுமார் 20 கிலோமீட்டர். மூன்று மணிக்கு எழுந்து, நாலு பேர் சேர்ந்து வண்டி பேசி, வண்டி வாடகை, இறக்குக்கூலி எல்லாம் போக மிச்சம்தான் லாபம். இதையெல்லாம் காய் விலையில்தான் ஏற்ற முடியும். அழுகுகிற சரக்குக்கு இன்னொரு விதியும் உண்டு. காலையில் கிலோ கணக்கில் விற்றது, இருட்டுகிற நேரத்தில் கூறு கட்டி விற்பனைக்கு வரும். வேலை முடிந்து வருகிறவர்கள் வாங்குவது பெரும்பாலும் அந்தக் கூறுதான். அதில் என்ன காய் இருக்கும் என்று வாங்குபவர் முடிவு செய்ய முடியாது. கிடைத்ததை வைத்துச் சமைக்க வேண்டும்.

இங்கேதான் அந்தப் பழைய குழம்பு கைகொடுக்கிறது. மிஷினில் அரைத்து வைத்த குழம்பு மிளகாய்த்தூளும் புளிக்கரைசலும் தயாராக இருந்தால், சுரைக்காய் கிடைத்தாலும் சரி, முள்ளங்கி கிடைத்தாலும் சரி. நெத்திலிக் கருவாடு நாலு கிடந்தால் கத்திரிக்காயும் மாங்காயும் சேர்த்து ஒரு சட்டி. இறால் ஒரு கைப்பிடிதான் இருக்கிறதா, சுரைக்காயை நிறையப் போட்டால் ஐந்து பேருக்கு ஆகும். பருப்பு இருந்தால் கீரையோடு கடைசல். தெலுங்கு பேசும் வீடுகளில் புளிச்சகீரை. பர்மாவிலிருந்து அறுபதுகளில் அகதிகளாக வந்து வியாசர்பாடி பக்கம் குடியேறியவர்கள் கொண்டுவந்த அத்தோவில் கோஸும் வெங்காயமும், மொய்ங்காவில் வாழைத்தண்டும். ஆளுக்கொரு ஊர், பாஷை என்றாலும் சூத்திரம் ஒன்றுதான். கொஞ்சமாக இருக்கிற ருசியான பொருளை, நிறைய இருக்கிற காயில் நீட்டுவது.

மீன் கிடைக்காத நாட்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். விசைப்படகுகளுக்கு 2001 முதல் வருடத்தில் 45 நாள் மீன்பிடித் தடை வந்தது. 2017-ல் அது 61 நாள் ஆனது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்போது காசிமேட்டில் விலை எகிறும். அதே மீன் குழம்பு மசாலாவில் வாழைக்காயும் சேப்பங்கிழங்கும் விழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது, அங்கே வலை போட்டுப் பிழைப்பவர்களுக்கு மீனும் போச்சு, காய் வாங்கும் காசும் போச்சு. எதையும் மாற்றிப் போட்டுச் சமைக்கத் தெரிந்த கையால்கூட, ஒன்றுமே இல்லாதபோது எதை மாற்றிப் போட முடியும்?

இரண்டு தடவை விழித்த அரசாங்கம்

2020 மே மாதம். கொரோனா பரவியதால் கோயம்பேடு மூடப்பட்டு, சந்தை இன்னும் மேற்கே திருமழிசைக்குப் போனது. அதே சமயம் சென்னையிலேயே அதிகத் தொற்று இருந்த மண்டலம் ராயபுரம். தெருவே தகரம் வைத்து அடைபட்டுக் கிடந்தபோது மாநகராட்சி வண்டிகளில் காய்கறி வந்தது. காய் இல்லாமல் ஒரு நகரம் வீட்டுக்குள் இருக்க முடியாது என்பது அப்போதுதான் நிர்வாகக் கணக்கில் ஏறியது.

2023 ஜூலையில் தக்காளி விலை நூறைத் தாண்டியபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றார்கள். கஞ்சித்தொட்டி காலத்திலிருந்து வந்த வரலாற்றில் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை. ரேஷன் கடைத் தராசில் காய் ஏறியது! ஆனால் விலை இறங்கியதும் அதுவும் இறங்கிவிட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் காய்கறி சாம்பார் எழுத்துப்பூர்வமாகப் பட்டியலில் இருப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கார்னிஷ் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கடைசியாக ஒரு கணக்கு

குன்னூரில் பிறந்த அந்த ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் புதிய வழிகாட்டி வெளியிட்டது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது. தானியம் 250 கிராம்தான்! காய் அதிகம், சோறு குறைவு. நம் தட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பியது போல இருக்கிறது.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ. சராசரி கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 64 ரூபாய். மாதம் 1,920 ரூபாய். அதே வீட்டுக்கு அரிசி இலவசம். மாதக் கடைசியில் கையில் இருநூறு ரூபாய் இருக்கும்போது எது குறையும் என்று சொல்லத் தேவையில்லை. "காய் நிறையச் சாப்பிடுங்கள்" என்று சர்க்கரை நோயாளியிடம் டாக்டர் சொல்வது சரியான அறிவுரைதான். ஆனால் அந்த அறிவுரைக்குப் பின்னால் 1,920 ரூபாயும், 20 கிலோமீட்டர் தூரமும், வேலை முடிந்து வந்து காய் நறுக்க வேண்டிய ஒரு மணி நேரமும் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் வடசென்னையில் இன்று ராத்திரியும் ஏதோ ஒரு வீட்டில், வாடிய கத்திரிக்காயும் பாதி முருங்கைக்காயும் ஒரு துண்டு பூசணியும் ஒரே குழம்பில் கொதித்துக்கொண்டிருக்கும். அது யாரும் சட்டம் போட்டு வந்ததில்லை, யாருக்கும் ஓட்டு வாங்கித் தந்ததும் இல்லை. இந்த ஊரில் காய்கறிக்கென்று ஒரு நிரந்தரத் திட்டம் இதுவரை நடந்திருக்கிறது என்றால், அதை நடத்தியது அந்தச் சட்டியைக் கிளறிக்கொண்டிருக்கும் அம்மாவும் ஆயாவும்தான்.